ஹாலில் ஒரே கம்ப்யூட்டர்... வீட்டு ரகசியத்தைப் போட்டுக்கொடுக்கும் குக்கீஸ்! - தடுப்பது எப்படி?

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஹாலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். காலையில் மாமனார் அதில் செய்தி படிப்பார். மாலையில் பிளஸ் டூ படிக்கும் கொழுந்தன் புராஜெக்ட் வேலை செய்வான். வீடு அமைதியாக இருக்கும் மதிய நேரத்தில், மருமகள் ஒரு ஷாப்பிங் தளத்தில் கர்ப்பிணிகளுக்கான உடைகளைப் பார்க்கிறார். எதையும் வாங்கவில்லை. பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்.

'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்' என்று அவரும் கணவரும் பேசி வைத்திருக்கிறார்கள். போன முறை சீக்கிரமே சொல்லிவிட்டு, பிறகு கரு கலைந்துபோய், விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் தவித்த அனுபவம் அப்படி.

மறுநாள் காலை மாமனார் செய்தித் தளத்தைத் திறக்கிறார். செய்திக்கு நடுவே அதே உடையின் விளம்பரம். காபி கொண்டு வந்த மாமியாரின் கண்ணில் அது படுகிறது. "என்னம்மா, ஏதாவது விசேஷமா?"

அந்த வீட்டில் யாரும் யாரையும் உளவு பார்க்கவில்லை. பிரவுசர் ஹிஸ்டரியை யாரும் திறக்கவும் இல்லை. இந்த வேலையைச் செய்தது, பிரவுசருக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த 'குக்கீ'.

கோயில் வாசல் டோக்கன்!

குக்கீ என்பது வைரஸ் அல்ல. ஓர் இணையதளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் சின்ன எழுத்துத் துணுக்கு, அவ்வளவுதான். ஒரு குக்கீயின் அளவு சுமார் 4 கேபி-க்கு மேல் போகாது.

கோயில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதில் உங்கள் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். ஆனால், திரும்பி வந்து அதை நீட்டினால் உங்கள் செருப்பு எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். குக்கீயும் அப்படித்தான். இணையதளத்துக்கு இயல்பாகவே ஞாபக மறதி அதிகம். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலே, 'நீங்கள் யார்?' என்று முதலிலிருந்து கேட்கும். அதைச் சமாளிக்கத்தான் இந்த டோக்கன்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி என்ற இளைஞர்தான் இதை உருவாக்கினார். ஆன்லைன் கடையில் வாடிக்கையாளர் கூடையில் போட்ட பொருளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. கம்ப்யூட்டர் துறையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'மேஜிக் குக்கீ' என்ற சொல்லிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். இன்று மெயிலில் லாகின் ஆகியிருப்பது, ரயில் டிக்கெட் எடுக்கும்போது பாதியில் வெளியே தள்ளப்படாமல் இருப்பது, தளம் தமிழிலேயே திறப்பது என எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது இந்த டோக்கன்தான்.

அப்படியென்றால் பிரச்னை எங்கே?

டோக்கன் கொடுப்பது யார்?

நீங்கள் போன தளமே கொடுக்கும் குக்கீக்கு 'ஃபர்ஸ்ட் பார்ட்டி குக்கீ' என்று பெயர். கடைக்காரரே கொடுக்கும் டோக்கன் இது. பெரும்பாலும் உங்கள் வசதிக்காக இருப்பது.

அதே பக்கத்தில் விளம்பரம் போட இடம் பிடித்திருக்கும் வேறொரு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு குக்கீ வைக்கலாம். இதுதான் 'தேர்ட் பார்ட்டி குக்கீ'. கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரே கம்பெனியின் ஆட்கள் நின்றுகொண்டு, உங்கள் டோக்கன் நம்பரைப் பார்த்து, 'இவர் நகைக் கடைக்குப் போனார், மருந்துக் கடைக்குப் போனார், இப்போது பாத்திரக் கடைக்கு வந்திருக்கிறார்' என்று ஒரே நோட்டில் எழுதினால் எப்படி இருக்கும்? அதேதான் இது. மருமகள் பார்த்த உடை, மாமனார் படித்த செய்தித் தளத்தில் வந்து நின்றது இப்படித்தான். நோட்டில் எழுதுபவருக்கு மாமனார் யார், மருமகள் யார் என்று தெரியாது. பிரவுசர் ஒன்று, டோக்கன் ஒன்று. அவரைப் பொறுத்தவரை வீட்டில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே ஆள்.

இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்ததுதான். குக்கீக்கான முதல் தொழில்நுட்ப விதிமுறை 1997-ல் வெளியானபோதே, மூன்றாம் நபர் குக்கீயை பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அன்றைய பெரிய பிரவுசர்கள் அதைப் பின்பற்றவில்லை.

இப்போது ஆப்பிளின் சஃபாரி, 2020 மார்ச் முதல் இவற்றை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் கலக்காத மாதிரி, ஒரு தளத்தில் வைத்த குக்கீயை இன்னொரு தளத்தில் படிக்க முடியாது. கூகுளின் குரோம், 2 ஆண்டுகளில் நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதாவது, உங்கள் வீட்டில் இருப்பது குரோம் என்றால் அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எந்த பிரவுசரில் எங்கே தடுப்பது?

குரோம்: வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை கிளிக் செய்து 'செட்டிங்ஸ்' போங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்'. அங்கே 'பிளாக் தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் குரோம் வைத்திருப்பவர்களும் செட்டிங்ஸில் இதே பெயரில் தேடலாம்.

எட்ஜ்: செட்டிங்ஸில் 'பிரைவசி, சர்ச் அண்ட் சர்வீசஸ்' பகுதிக்குப் போங்கள். 'டிராக்கிங் பிரிவென்ஷன்' என்பதில் 'பேலன்ஸ்டு' இருக்கிறதா என்று பாருங்கள். குக்கீஸ் பகுதியில் 'பிளாக் தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதை ஆன் செய்யுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ்: செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'. 'ஸ்டாண்டர்டு' என்றிருந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் 'ஸ்ட்ரிக்ட்'.

சஃபாரி (மேக்): செட்டிங்ஸில் 'பிரைவசி'. 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' டிக் ஆகியிருந்தால் போதும்.

தடுத்த பிறகு ஏதாவது ஒரு தளம் மட்டும் மக்கர் செய்யலாம். பணம் கட்டும் பக்கம் திறக்காமல் போகலாம், பக்கத்துக்குள் இருக்கும் வீடியோ ஓடாமல் போகலாம். அதற்காக எல்லாவற்றையும் பழையபடி திறந்துவிட வேண்டாம். குரோமில் அதே 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' பக்கத்தின் கீழே, குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்க இடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் தடுத்துவிடலாமே?

இந்தத் தவற்றைத்தான் பலர் செய்கிறார்கள். எல்லா குக்கீயையும் தடுத்தால் மெயிலில் லாகின் நிற்காது. நெட் பேங்கிங் திறக்காது. பொருளை கூடையில் போட்டால் கூடை காலியாகவே இருக்கும். இரண்டு நாளில் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் அனுமதித்துவிடுவீர்கள். கடைக்காரர் டோக்கன் இருக்கட்டும், வாசலில் நிற்பவரின் டோக்கனை மட்டும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே சேர்ந்திருப்பதை அழிக்க, குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் பட்டன்களை ஒன்றாக அழுத்துங்கள். வரும் பெட்டியில் குக்கீஸ் என்பதை டிக் செய்து அழிக்கலாம். பாஸ்வேர்டு என்ற இடத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் சேர்ந்து போய்விடும். குக்கீயை அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து லாக் அவுட் ஆகிவிடும். அதனால், அப்பாவின் மெயில் பாஸ்வேர்டு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்!

ஒரே ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்கவும் வழி உண்டு. குரோமில் அந்தத் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடது பக்கம் இருக்கும் சின்னத்தை கிளிக் செய்து, 'குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா' என்பதற்குள் போனால் குப்பைத் தொட்டிப் படம் இருக்கும்.

ஆளுக்கொரு அக்கவுன்ட்!

முதலில் பார்த்த வீட்டுக்குத் திரும்புவோம். தேர்ட் பார்ட்டி குக்கீயைத் தடுத்திருந்தால், செய்தித் தளத்தில் அந்த விளம்பரம் பின்தொடர்ந்து வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால், மாமியார் அதே ஷாப்பிங் தளத்தைத் திறந்திருந்தால்? 'நீங்கள் சமீபத்தில் பார்த்தவை' என்று அந்தத் தளமே காட்டிக் கொடுத்திருக்கும். அது கடைக்காரரின் சொந்த டோக்கன்.

இதற்கு சரியான தீர்வு, விண்டோஸிலேயே வீட்டில் ஆளுக்கொரு யூஸர் அக்கவுன்ட் உருவாக்கி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது. அவரவர் குக்கீ அவரவரிடம் இருக்கும். குரோமில் தனித்தனி புரொஃபைல் வைப்பதும் உதவும். ஆனால், ஒருவரின் புரொஃபைலை இன்னொருவர் சுலபமாகத் திறந்துவிட முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

அவசரத்துக்கு இன்காக்னிட்டோ இருக்கிறது. எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களையும் மூடியதும் அதில் சேர்ந்த குக்கீயும் ஹிஸ்டரியும் அழிந்துவிடும். ஆனால், அதற்குள் உங்கள் அக்கவுன்டில் லாகின் செய்தால், அந்தத் தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் பார்வையிலிருந்தும் அது மறைக்காது.

இதேபோல, குக்கீயைத் தடுப்பதாலேயே முழுமையாக மறைந்துவிட முடியாது. கூகுள் அக்கவுன்டில் லாகின் ஆகியிருந்தால், அங்கே நீங்கள் தேடியதை வைத்தும் விளம்பரம் வரும். அதை கூகுளின் 'மை ஆட் சென்டர்' பக்கத்தில் தனியாக ஆஃப் செய்ய வேண்டும்.

'அக்செப்ட் ஆல்' அழுத்தலாமா?

இணையதளத்துக்குள் நுழைந்ததும் ஒரு பட்டை வந்து மறைக்கும். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்ற பட்டன் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் பட்டன் எங்கோ ஒளிந்திருக்கும். இந்தத் தந்திரத்துக்காகவே பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம், 2021 டிசம்பரில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. ஏற்பது எவ்வளவு சுலபமோ, மறுப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி. 'ரிஜெக்ட் ஆல்' இருந்தால் தயங்காமல் அதை அழுத்துங்கள். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே வேலை செய்யும்.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடவடிக்கைகளைப் பின்தொடரவும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவும் கூடாது என்கிறது அந்தச் சட்டம். ஆனால், ஒரே பிரவுசரில் தாத்தாவும் பேரனும் மாறி மாறி உட்கார்ந்தால், எதிரில் இருப்பது யார் என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? குழந்தைக்குத் தனி அக்கவுன்ட் தேவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே போனால்...

பிரவுசிங் சென்டரிலோ, உறவினர் வீட்டிலோ பேங்க் கணக்கையோ மெயிலையோ திறந்தால், வெறுமனே விண்டோவை மூடிவிட்டு எழுந்து வராதீர்கள். லாகின் ஆனதற்கான குக்கீ அங்கேயே இருந்தால், அடுத்து உட்காருபவருக்கு பாஸ்வேர்டே தேவைப்படாது. 'லாக் அவுட்' அழுத்திவிட்டு, பிரவுசிங் டேட்டாவை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தேர்ட் பார்ட்டி குக்கீயைத் தடுங்கள், பழையதை அழியுங்கள், வீட்டில் ஆளுக்கொரு அக்கவுன்ட் போட்டுக்கொடுங்கள். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாத வீட்டிலும், நல்ல சேதியை எப்போது சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அதற்குரியவருக்குத்தான் உண்டு. அந்த மருமகளின் 'விசேஷத்தை' மாமியாரிடம் அவரே சொல்லட்டும், விளம்பரம் சொல்ல வேண்டாம்!