மனச்சோர்வுக்கு ஒரு மரபணுவா?

2003இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு மனநல மருத்துவ உலகைப் பரபரப்பாக்கியது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவம் முதல் கவனித்துவந்த குழுவின் ஆய்வு அது. வேலை போனது, பணமுடை, உறவு முறிந்தது என்று அடிமேல் அடி வாங்கியவர்களில், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் தொடர்பான ஒரு மரபணுவின் குட்டை வடிவம் கொண்டவர்களே அதிகம் மனச்சோர்வுக்கு ஆளானார்கள் என்றது. அந்த மரபணுவின் பின்னாலேயே ஆய்வுகள் வரிசைகட்டின.

2019இல் பல லட்சம் பேரின் தகவல்களை வைத்துச் சோதித்தார்கள். அந்த மரபணுவும், அதைப்போல் பேர்பெற்ற மற்ற 17 மரபணுக்களும், கண்ணைமூடிப் பொறுக்கிய மரபணுக்களைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை!

அப்படியானால் பரம்பரை என்பதே பொய்யா? நிச்சயமாக இல்லை. இரட்டையர் ஆய்வுகளை 2000இல் தொகுத்துப் பார்த்தபோது பரம்பரையின் பங்கு சுமார் 37 சதவீதம் என்று தெரிந்தது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வர 37 சதவீத வாய்ப்பு என்று இதைப் படித்துவிட்டுக் கலங்குகிறவர்கள் உண்டு. உண்மையில், ஒரு சமூகத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் மரபணுக்களின் பங்குதான் இந்த எண். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அப்படியும் பலருக்கு வராமலே போகிறது.

என்னை மிகவும் வியக்கவைத்தது சீனாவில் நடந்த ஆய்வு. அதற்கு முன் 2013இல், வேறோர் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தும் உறுதியான மரபணு எதுவும் சிக்கவில்லை. சீன ஆய்வில் ஆள் குறைவு; ஆனால் தேர்வு கறாரானது. பெண்கள் மட்டும். தாத்தா பாட்டி நால்வருமே ஹான் இனத்தவராக இருக்க வேண்டும். நோய் ஒருமுறை வந்துபோனால் போதாது, திரும்பவும் வந்திருக்க வேண்டும். இப்படி 5,303 பேர். ஏறக்குறைய அதே அளவில் நோயில்லாத பெண்கள். அவர்களின் உமிழ்நீரிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் படித்தார்கள். 2015இல் விடை வந்தது: 10ஆவது குரோமோசோமில் இரண்டு இடங்கள். அதில் ஒன்று, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புள்ள மரபணுவின் பக்கத்தில் இருந்தது. மனச்சோர்வு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம், கலந்துகட்டித் தேடினால் அவை கண்ணில் படாது என்றே இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

2025இல் 29 நாடுகளின் தகவல்களைச் சேர்த்து, ஏறத்தாழ 700 மரபணு வேறுபாடுகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பாதிப்பும் கடுகளவு. அவற்றில் சில நம் எல்லோரிடமும் இருக்கின்றன. ஆகவே, உமிழ்நீரைச் சோதித்து இவருக்கு வரும், இவருக்கு வராது என்று அடித்துச்சொல்ல இன்றைக்கு வழியில்லை.

சம்பந்தம் தட்டிப்போகுமே என்று குடும்பத்தில் இருந்த மனச்சோர்வை மூடிவைக்கிறோம். மருத்துவரிடமாவது மறைக்காதீர்கள், நோயைச் சீக்கிரம் கண்டுகொள்ள அந்தத் தகவல் அவருக்கு உதவும். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் எதிலும் பிடிப்பும் இல்லாமல் வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடந்தால் உடனே அழைத்துப் போங்கள். பரம்பரையில் வந்த மனச்சோர்வுக்கும் மருந்தும் உளவியல் சிகிச்சையும் பலன் தருகின்றன.