கடைசிச் சீட்டு

கல்முனைக்குடியில் உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். கேள்வி, நிரம்பல் வளைகோடு கீறினால் பின்வாங்கு கொட்டாவி விடும். சீட்டுக் கதையை எடுத்தால் எல்லாரும் நிமிர்வார்கள்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு ஒரு இலட்சம். முதற்சீட்டு எடுத்தவர் வட்டியில்லாக் கடனாளி. கடைசிச் சீட்டுக்காரி வட்டியில்லாமல் சேமித்தவள். சொல்லி முடிக்குமுன் ஒருத்தி எழும்பினாள்.

"டீச்சர், 2022இல எங்கட உம்மாக்குத்தான் கடைசிச் சீட்டு. முதலாவது ஆள் வாங்கின சாமான்ல பாதிகூட வரல்ல."

அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். மெய் வட்டிவீதம் என்று நான் அடுத்த கிழமை படிப்பிக்க இருந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

தவணைப் பரீட்சையில் 'சி' வந்ததும் இதே பிள்ளை கலைப் பிரிவுக்கு மாறப்போவதாக வந்து நின்றாள். ஆண்பிள்ளைகள் வகுப்பில் 'சி' எடுத்தவன் ஒருத்தனும் அசையவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இதுதான் நடக்கிறது என்று காட்டியவர் பொருளியலாளர் கிளாடியா கோல்டின்: முதற்பாடத்தில் புள்ளி குறைந்தால் பெண்கள் பொருளியலை விட்டுவிடுகிறார்கள், ஆண்கள் விடுவதில்லை. பொருளியல் என்றால் வங்கியும் பங்குச்சந்தையும்தான் என்ற நினைப்பு வேறு. எங்கள் பெற்றோரும் "பேங்க் வேலைக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

கோல்டினுக்கு 2023இல் நோபல் கிடைத்தது. 1969 முதல் வழங்கப்படும் பொருளியல் பரிசில் அவர் மூன்றாவது பெண்; அவருக்கு முன் ஒஸ்ட்ரோம் 2009, டுஃப்லோ 2019. பழைய அமெரிக்கக் குடிசனக் கணக்கெடுப்பில் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதப்பட்டவர்களை அவர் தோண்டிப் பார்த்தார். 1890களின் இறுதியில் வேலைசெய்த மணமான பெண்கள், பதிவில் இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இலங்கையிலும் உழைப்புப் படையில் எண்ணப்படுவது பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். குடும்பத் தொழிலில் கூலியின்றி உழைப்பவரையும் சேர்க்க விதி இருக்கிறது. ஆனால் கேட்க வருபவரிடம் "சும்மா வீட்டதான்" என்றால் எதை எழுதுவார்? மருதமுனைத் தறிவீட்டில் நூல் சுற்றுகிறவளும் அப்படித்தானே சொல்வாள்.

உம்மாவுக்கு என்ன தொழில் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். ஒன்றுமில்லையாம். விடிய நாலு மணிக்கு எழும்பிக் கடைக்கு இடியப்பம் அவிக்கிறாவாம், அவ்வளவுதான்.

கணக்கு எழுதிவா என்றேன். மா, தேங்காய், கேஸ் எல்லாம் எழுதி, கடைசி வரியை வெறுமையாக விட்டு வந்தாள்.

"உம்மாட மூணு மணித்தியாலத்துக்கு என்ன விலை போடுற டீச்சர்?"

பிரிவு மாறும் கதையை அன்று அவள் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அமையச் செலவுப் பாடத்தைத் திறந்தோம்.