அடிக்காதீங்க... அது சேட்டை இல்லை!

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், தினமும் ஜட்டியில் மலம் பட்டே வீடு திரும்புவான். 'நாறுது' என்று பிள்ளைகள் ஒதுக்க, பள்ளிக்கே போக மாட்டேன் என அழுதான். "கொழுப்பு... நாலு போடு!" என்றார், மாமியார்.

டாக்டர் சொன்னதோ வேறு. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கியதில், மலம் இறுகித் தேங்கி, இளகியது அதைச் சுற்றிக் கசிகிறதாம். குடல் விரிந்து விடுவதால், பிள்ளைக்கே அது தெரியாதாம். பேதி என நினைத்து, கைமருந்து கொடுக்கக் கூடாதாம்.

அவர் தந்த மலமிளக்கி மருந்தை, கசிவு நின்ற பின்னும், அவர் சொன்ன காலம் வரை கொடுத்தேன். சாப்பிட்டதும், காலுக்கு மணை போட்டு, டாய்லெட்டில் 10 நிமிடம் உட்கார வைத்தேன். போனால் பாராட்டு, போகாவிட்டால் திட்டு இல்லை. டீச்சரிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன். சில மாதங்களில் சரியானது.

அடித்தால் பயந்து இன்னும் அடக்கும், தோழிகளே... முதலில் டாக்டரிடம் காட்டுங்க!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.