மழைக்காலமும் காரின் முன்கண்ணாடியும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குடும்பத்துடன் காரில் நெடும்பயணம் மேற்கொள்வோர், புறப்படுமுன் டயரின் காற்றைச் சோதிப்பர். எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பர். பிரேக்கையும் ஒருமுறை மிதித்துப் பார்ப்பர். முன்கண்ணாடியைக் கழுவுவதற்கென்று வைத்துள்ள சிறு நீர்த்தொட்டியை மட்டும் பெரும்பாலோர் திறந்து பார்ப்பதில்லை. எதிரே வரும் பேருந்தின் விளக்கொளி கண்ணாடியிற் பட்டுச் சிதறி, வெண்படலமாகப் பரவி, சாலையின் ஓரம் எது, மிதிவண்டியில் வருபவர் எங்கே என்று அறியவொண்ணாத வேளையில்தான் அத்தொட்டியின் நினைவு நமக்கு வருகின்றது. அப்பொழுது அது வறண்டு கிடக்கும்!

இரவில் இவ்வாறு ஒளி சிதறுவதற்கு மழை மட்டுமே காரணமன்று. சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய்ப் பசை, வண்டிகளின் புகை, தூசு ஆகியவை சேர்ந்து கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. பகலில் கண்ணுக்குப் புலப்படாத இப்படலம் இரவில் ஒவ்வொரு விளக்கையும் சூழ்ந்து ஒளிவட்டமாக விரிகின்றது. டீசல் தோய்ந்த துணியால் கண்ணாடியைத் துடைக்கும் பழக்கம் நம் ஓட்டுநர் சிலரிடம் உண்டு. அது பளபளப்பைத் தருவது உண்மையே. ஆனால் அகற்ற வேண்டிய எண்ணெயையே அது மீண்டும் பூசிவிடுகின்றது. இன்னும் சிலர், தூசு படிந்த கண்ணாடியின்மேல் நீர் தெளிக்காமலே வைப்பரை ஓடவிடுவர். மணற்றுகள்கள் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் இடையே அகப்பட்டு வில்போன்ற கீறல்களை இட்டுவிடும். அவை பின்னர் எதனாலும் மறைவதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, வண்டிக்குள்ளிருந்தபடியே கைப்பிடியால் இயக்கும் வைப்பருக்கு 1903ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதனை வாங்கி விற்பனை செய்ய அக்காலத்தில் எந்த நிறுவனமும் முன்வரவில்லை என்பது வியப்புக்குரியது.

தொட்டியில் எதனை ஊற்றுவது? குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்கலாம். நம் ஊர்களில் பலவற்றின் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் உப்பு மிகுந்தவை. அந்நீர் காய்ந்தவுடன் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளிகள் கண்ணாடியில் நின்றுவிடும். நீர் பீய்ச்சும் நுண்துளைகளும் நாளடைவில் அடைபட்டுப்போகும். வெந்நிலத்துத் தொட்டியில் நெடுநாள் தேங்கும் வெறுநீரில் கிருமிகளும் வளரும். நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கும், கழுவுதிரவம் கலவாத வெறுநீரைக் காரில் பயன்படுத்துவதற்கும் தொடர்பு இருப்பதாக இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று சுட்டிக்காட்டியது. ஆகவே, சுத்திகரித்த நீரையோ, பேட்டரிக்கென விற்கும் காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றி, அதில் கடையில் கிடைக்கும் கழுவுதிரவத்தைப் புட்டியில் குறித்த அளவே கலப்பது நலம். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். அது மிகுதியாக நுரைத்து, காய்ந்தபின் கோடுகோடாகத் தங்கிவிடும்.

இங்கே தாய்மார்களின் கவனத்திற்கு ஒன்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். குளிர்நாடுகளில் தொட்டி நீர் உறையாதிருக்க அதனுடன் மெத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கலக்கின்றனர். சில திரவங்களில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் இருக்கும். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்த நஞ்சும் இதுவே. சிறிதளவு உட்கொண்டாலும் கண்பார்வை பறிபோகும். கழுவுதிரவத்தை மலிவான மதுவாக எண்ணிக் குடித்து மாண்டவர்கள் ஐரோப்பாவிலும் உண்டு. அதனாலேயே 2019ஆம் ஆண்டு மே மாதம் முதல், பொதுமக்களுக்கு விற்கும் கழுவுதிரவத்தில் மெத்தனால் நூற்றுக்கு 0.6 பங்குக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. நீர் உறையாத நம் ஊர்களில் இத்தகைய திரவத்தால் யாதொரு பயனுமில்லை. வெளிநாட்டுச் சரக்கு என்று பெருமையாக வாங்கி வருவானேன்? புட்டியில் ‘மெத்தனால்’ அல்லது ‘மெத்தில் ஆல்கஹால்’ என்று கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மெத்தனால் இல்லாத திரவமும் குடிப்பதற்குரியதன்று. இவை பெரும்பாலும் சர்பத்தைப்போல நீலமாகவோ பச்சையாகவோ இருப்பதால் சிறார்களைக் கவரும். மீதியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். குழந்தை அறியாமற் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைக. மெத்தனாலின் கேடு பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் வெளிப்படக்கூடும். குழந்தை நன்றாக விளையாடுகின்றதே என்று காத்திருத்தல் தகாது. உரிய நேரத்தில் சேர்ந்தால் அதற்கு முறிமருந்து உண்டு.

இனி, கண்ணாடியின்மேல் பூசும் நீர்விலக்கித் தைலங்களைப் பார்ப்போம். மழை வலுத்தால் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பது நம் லாரி ஓட்டுநர்களின் பழைய உத்தி. அப்போது நீர் துளியாக நில்லாமல் மெல்லிய ஏடாகப் பரவும். அதனூடே சாலை தெரியும். தைலங்களின் வேலை இதற்கு நேர்மாறானது. சிலிக்கோன் கலந்த இப்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நீரைப் பரவவிடாமல், தாமரையிலைத் தண்ணீர்போல உருண்டைத் துளிகளாக்குகின்றது. காற்று அத்துளிகளைத் தள்ளிச் செல்கின்றது. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவான ரெயின்-எக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது. ஃபுளோரின் சேர்மங்களால் ஆன பூச்சுகள் இன்னும் நெடுநாள் நிற்கும். ஆயினும் அத்தகைய சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதிற் சிதைவதில்லை.

விளம்பரங்கள் இங்கே ஒன்றை மறைக்கின்றன. துளிகள் தாமே ஓடுவதற்கு மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் வேண்டும். நான்குவழிச் சாலையில் இது கைகொடுக்கும். நகரின் நெரிசலிலோ மலைப்பாதையின் வளைவுகளிலோ துளிகள் நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொன்றும் ஒரு விளக்காக மின்னும். ஆதலால், உள்ளூரில் மட்டும் கார் ஓட்டுவோர் இத்தைலத்திற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதே நம் கருத்து.

பூசுவோர், முதலில் எண்ணெய்ப் பசை நீங்கக் கண்ணாடியைக் கழுவி உலர்த்தி, நிழலில் நிறுத்தி, துணியில் சிறிதளவே எடுத்து வெளிப்புறத்தில் மட்டும் வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெண்மையாகப் பூத்தபின் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். எங்கேனும் திட்டாக மிஞ்சினால் வைப்பர் தடதடவென்று துள்ளும். நம் வெயிலில் வைப்பரின் ரப்பர் விரைவில் இறுகி வெடிக்கும். ஆண்டுதோறும் புரட்டாசி முடியுமுன் அதனையும் மாற்றிவிடலாம்.