கசியும் கடல்நீர்த் தொட்டி

வீட்டில் கடல்மீன் வளர்க்கும் நண்பர்கள் பலர், தொட்டியில் நீர் குறைந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடுகின்றனர். நீர் ஏன் குறைந்தது என்றறியாமல் ஊற்றுவது உயிர்களுக்கு ஆபத்து.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியானால் உப்பு தொட்டியிலேயே தங்கும். நல்ல தண்ணீரே போதும். கசிந்தாலோ உப்பும் உடன் வெளியேறும். 100 லிட்டர் தொட்டியில் 10 லிட்டர் கசிந்தால் 350 கிராம் உப்பு போய்விடும். அங்கே நல்ல தண்ணீரை ஊற்றினால் உப்பு லிட்டருக்கு 31.5 கிராமாகும். கோமாளி மீன் ஓரளவு தாங்கும். கடல் சாமந்தியும் நட்சத்திர மீனும் எளிதில் தாங்கா.

இரண்டையும் பிரித்தறிய, எங்கள் வீட்டுத் தொட்டியில் நான் திரவமானியை மிதக்க விடுவேன். ஒப்படர்த்தி 1.025 என்ற அளவிலிருந்து ஏறினால் நீர் ஆவியாகிறது. மாறாமலே நீர் குறைந்தால் கசிகிறது. வெளிப்புறக் கண்ணாடி இணைப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடமே பெரும்பாலும் கசியுமிடம்.

கசிவு தெரிந்ததும் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும்; உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மீன்களையும் கற்களையும் அதே நீருடன் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றிக் காற்றுக் குழாய் இடவேண்டும். அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் அக்கற்களில் வாழ்வதால் அவை காயக்கூடாது.

பிறகு தொட்டியை உலர்த்தி, பழைய சிலிக்கோனைப் பிளேடால் முற்றும் சுரண்ட வேண்டும்; பழையதன்மேல் புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சைக்கொல்லி கலவாத சிலிக்கோனை உட்புறம் பூசி, நன்கு இறுகியபின் வெறும் நீர் நிரப்பிச் சோதிக்கலாம்.

நண்பர்களே, அடுத்தமுறை குடத்தைத் தூக்குமுன் திரவமானியைப் பாருங்கள்!