தேக்கா மருதாணியும் ஒரு டாக்டரின் கட்டைவிரலும்

தீபாவளி நெருங்கிவிட்டால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்காவில், மருதாணிக்கு இடம் பிடிப்பதே பெரும்பாடு. கோன் பிடித்துக் கொடியும் மயிலும் வரைபவர்கள் முன்னால் வரிசை நகராது. கோன் ஒத்துக்கொள்ளாத பாட்டிகள் வீட்டிலேயே இலையை அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் பாட்டிகள் பக்கம்தான் விஞ்ஞானம் இருக்கிறது. உள்ளங்கைச் சிவப்பு தோல் உதிர உதிர இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நகச் சிவப்பு அப்படிப் போகாது. அடியிலிருந்து புது நகம் தள்ளத் தள்ள நுனிக்குப் போய், நகவெட்டியில் விழுந்தால்தான் உண்டு. அடியில் நிறமில்லாமல் தெரியும் அகலம், மருதாணி வைத்த நாளிலிருந்து நகம் வளர்ந்த அளவு.

வில்லியம் பீன் என்ற அமெரிக்க டாக்டர் செய்ததும் ஏறக்குறைய இதுதான், மருதாணி இல்லாமல். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தன் இடது கட்டைவிரல் நகம் தோலிலிருந்து வெளிப்படும் இடத்தில் ஒரு கீறல் போடுவார். அது நுனிக்கு வர எத்தனை நாள் என்று எண்ணுவார். 35 ஆண்டு இப்படி எண்ணி, 1980இல் கணக்கை வெளியிட்டார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095க்கு இறங்கியிருந்தது. இடையில் அவருக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது வளர்ச்சி தடுமாறியதும் பதிவாகியிருக்கிறது. ஒரே ஆளின் ஒரே விரல்தானே என்று முகம் சுளிக்கலாம். ஆனால் பலரை அளந்து 1979இல் வெளிவந்த ஆய்வும், 25 வயதுக்கு மேல் வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் குறைகிறது என்றே சொன்னது.

பீனின் கணக்கைத் தேக்காவுக்குக் கொண்டு வருவோம். 67 வயது மாமியாரும் 32 வயது மருமகளும் ஒரே நாளில் மருதாணி வைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து பால்குடம் கிளம்பும்போது, மருமகளின் கட்டைவிரலில் 11 மில்லிமீட்டர் புது நகம் இருக்கும், மாமியாருக்கு எட்டரைதான்.

வயதோடு கணக்கு முடிவதில்லை. கையிலேயே நடுவிரல் நகம்தான் வேகக்காரன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் பின்தங்கும். அதிகம் புழங்கும் கையில் சற்று முந்தும். கர்ப்ப காலத்தில் வேகம் கூடும். நகம் கடிப்பவர்களுக்கும் கூடும் என்பது கடிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு எரிச்சலூட்டும் செய்தி. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் வளர்ச்சி மந்தமாகும். வருடம் முழுக்க வேர்க்கும் சிங்கப்பூரில் அந்தச் சாக்குக்கு இடமில்லை, அலுவலக ஏர்கானைக் குளிர்காலமாக எண்ணினால் தவிர.

நோய் வேறு கதை. கடும் காய்ச்சலோ கீமோதெரபியோ நகவேரின் வேலையைச் சில நாள் நிறுத்தினால், பிற்பாடு நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். 1846இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போ (Beau) பெயரால்தான் அது இன்றும் அழைக்கப்படுகிறது. சிங்கப்பூர்ப் பாலர் பள்ளிப் பெற்றோருக்கு இதன் முற்றிய வடிவம் பழக்கமாயிருக்கும்: கை, கால், வாய்ப்புண் நோய் ஆறிச் சில வாரங்கள் கழித்து, குழந்தையின் நகம் கழன்று கையோடு வந்துவிடும். பார்க்கத்தான் பயம். வேர் பழுதுபடாததால் அடியில் புது நகம் தானாக முளைத்துவிடும்.

முதியவர்களின் கால் நகம்தான் உண்மையான தொல்லை. கை நகத்தில் பாதி வேகம்கூட அதற்குக் கிடையாது. வயதாக ஆக மந்தமாவதோடு தடித்தும் போகிறது. குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவும் அதிகம். பாதம் மரத்தவருக்கு நகவெட்டி பட்ட காயம் வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும். இப்படிப்பட்டவர்கள் நகம் வெட்டும் வேலையைப் பலதுறை மருந்தகத்தில் பாதப் பராமரிப்பு செய்பவர்களிடம் விடுவதே உத்தமம்.

பூஞ்சை பிடித்த நகத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அவசரப்படுவது இன்னொரு சிக்கல். மாத்திரை பெரும்பாலும் மூன்று மாதம்தான். கால் பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக வர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். மாத்திரை தீரும்போது நுனி மஞ்சளாக, பொடிந்துதான் இருக்கும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. பார்க்க வேண்டிய இடம் நகத்தின் அடி. அங்கே தெளிந்த நகம் இரண்டு மில்லிமீட்டர் வந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது.