கொளுத்தும் கோடையில் நாய்களைப் பராமரிப்பது எப்படி?



டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, குர்கான், ஃபரிதாபாத் நகரங்களிலும் குடியேறியிருக்கும் நம்முடைய ஜனங்களில் நாயைச் சொந்தமாக வளர்ப்பவர்கள் உண்டு. பிறருடைய நாயைப் பராமரிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் உண்டு. சபைக்கு வரும் சகோதரிகள் பலர் பங்களாக்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். சமையல், பாத்திரம் துலக்குதல் ஆகியவற்றோடு நாயை வெளியே அழைத்துச் செல்லும் பொறுப்பும் அவர்கள்மேல் விழுகிறது. வாலிபர் சிலர் நான்கைந்து வீட்டு நாய்களைக் காலையும் மாலையும் நடத்திச் சென்று கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடிக்கொள்ளுகிறார்கள். மற்ற மாதங்களில் இது எளிதான வேலை. மே, ஜூன் மாதங்களிலோ இது ஒரு ஜீவனைக் காப்பாற்றுவதா, இழப்பதா என்கிற காரியமாகிவிடுகிறது. நாயின் எஜமானருக்கு இது தெரியாதிருக்கலாம். சங்கிலியைப் பிடித்து நடக்கிறவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அசம்பாவிதம் நேரிட்டால் முதலாவது கேள்வி அவரிடத்தில்தான் கேட்கப்படும்.

நாய் அசுத்தமான பிராணி, அதைக் குறித்துப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் நம்மில் இருக்கக்கூடும். யோபுவின் மந்தையைக் காக்க நாய்கள் இருந்தன என்பதை யோபு 30:1-இல் காண்கிறோம். அதற்குமேல் இங்கே வாதிட விரும்பவில்லை.

2024-ஆம் ஆண்டு மே 29 அன்று டில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தின் நடுவில், இரவு முழுவதும் 35 டிகிரிக்குக் கீழே இறங்காத நாளும் வந்தது. மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் அனல்காற்றை இங்கு ஒரு கோடை கழித்தவர்களும் அறிவார்கள். மனிதனாகிய நமக்கே இப்படியென்றால், உடல் முழுவதும் ரோமம் போர்த்திய நாய்க்கு எப்படி இருக்கும்?

நாவே அதற்குக் கூலர்

நம்முடைய சரீரம் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை காற்றில் உலரும்போது சூட்டையும் எடுத்துச் செல்லுகிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் மாத்திரமே சிறிதளவு வியர்க்கும், அது போதாது. ஆகவே அது வாயைத் திறந்து, நாவைத் தொங்கவிட்டு, வேகமாக மூச்சிரைக்கிறது. நாவிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது இரத்தம் குளிர்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு ஜன்னலில் மாட்டியிருக்கும் கூலரைப் பாருங்கள். நனைந்த புல் தட்டியின் வழியாகக் காற்றை இழுக்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, அறை குளிர்கிறது. மே மாதத்து வறண்ட காற்றில் கூலர் நன்றாக வேலை செய்யும். ஜூலையில் மழை இறங்கியதும் அதே கூலர் அறையைப் புழுக்கமாக்குமேயன்றிக் குளிரச் செய்யாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் தட்டியின் ஈரம் ஆவியாக இடமில்லை. நாயின் நாவுக்கும் இதே கதிதான். 'மழை வந்துவிட்டது, வெயில் தணிந்தது' என்று சொல்லி மதியம் மூன்று மணிக்கு நாயை அழைத்துச் செல்லுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மும்பையிலும் சென்னையிலும் வெப்பம் 34 டிகிரிதானே என்று இருந்துவிடக் கூடாததற்கும் காரணம் இதுவே.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நம்மைவிட அதிகம். ஆகையால் கையால் தொட்டு மாத்திரம் நிதானிக்க முடியாது. அது 41 டிகிரியைக் கடக்கும்போது மூளை, குடல், சிறுநீரகம், கல்லீரல் யாவும் பாதிப்புக்குள்ளாகின்றன. இரத்தம் உறையும் தன்மையும் கெட்டுப்போகிறது.

தட்டை முகமுள்ள நாய்களைக் குறித்துத் தனியே சொல்ல வேண்டும். 2003-இல் ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் இன நாயை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நகரமெங்கும் பக் நாய்கள் பெருகின. பக், புல்டாக், ஷீட்சு ஆகியவற்றின் மூக்கும் சுவாசப் பாதையும் பிறப்பிலேயே நெருக்கப்பட்டவை. தட்டி அடைத்துக்கொண்ட கூலர் எப்படியோ அப்படியே. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில், லாப்ரடார் நாயோடு ஒப்பிடும்போது புல்டாகுக்கு வெப்பப் பாதிப்பு நேரிடும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு என்று கண்டார்கள். பனிநாட்டு ஹஸ்கியையும் செயின்ட் பெர்னார்டையும் டில்லிக்குக் கொண்டுவந்து வளர்ப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் வந்துவிட்ட ஜீவனைப் பராமரித்தே ஆகவேண்டும். வயது முதிர்ந்தவை, பருத்தவை, இருதய நோயுள்ளவை ஆகியவற்றிற்கும் ஆபத்து அதிகம்.

இழுத்தால் நடக்கும், அதுதான் ஆபத்து

மூடிய காருக்குள் நாயை விடக்கூடாது என்பது இப்போது அநேகருக்குத் தெரியும். வெளியே 21 டிகிரியே இருந்தாலும் காருக்குள் பத்து நிமிடத்தில் 32 டிகிரியும், அரை மணி நேரத்தில் 40 டிகிரியும் ஆகிவிடும். ஜன்னலை விரற்கடை அளவு இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை. ஆனால் லண்டனின் ராயல் வெட்டர்னரி கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் பங்கேற்று 2020-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சிகிச்சைக்கு வந்த நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நடந்ததாலும் ஓடியதாலும் விளையாடியதாலும் பாதிக்கப்பட்டவை. காரில் அடைபட்டவை நூற்றுக்கு ஐந்து மாத்திரமே. குளிர்ந்த இங்கிலாந்திலேயே இப்படி.

காரணம் கடினமானதல்ல. தசைகள் வேலை செய்யும்போது உடலுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. வெளியிலிருந்து வெயிலும் காய்கிறது. நாயோ தன்னை அழைத்துச் செல்லுகிறவரை விட்டுப் பிரிய மனமில்லாத பிராணி. களைத்தாலும் பின்தொடரும், பந்தை எறிந்தால் எடுத்துவர ஓடும்.

ஒரு சகோதரி என்னிடத்தில், "ஐயா, நாலு மணிக்கு மேடம் தூங்கி எழுந்திருக்கும் முன்னே நாயை வெளியே கொண்டுபோய்விட்டு வரவேண்டும். அது படுத்துக்கொண்டால் இழுத்துக்கொண்டு போ என்கிறார்கள்" என்று சொன்னார்கள். படுத்துக்கொள்ளுகிற நாய் அடம்பிடிக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். நிழலைத் தேடிப் படுப்பது, பின்தங்குவது, நாவின் நுனி அகன்று தொங்குவது, மூச்சிரைப்பு நின்றபின்னும் தணியாதிருப்பது இவையெல்லாம் 'போதும்' என்று அது சொல்லும் மொழி. அந்த வேளையில் இழுக்கக் கூடாது. நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, தணிந்தபின் மிகவும் கிட்டிய வழியாய்த் திரும்புங்கள்.

எந்த வேளையில் நடத்துவது? டில்லிக் கோடையில் சூரியன் ஐந்தரை மணிக்குள் உதித்துவிடுகிறது. ஆகவே ஐந்து மணி முதல் ஆறு மணி வரையே உத்தமமான நேரம். சூரியன் மறைந்ததும் வெயில் போய்விட்டது என்று எண்ணி ஏழரைக்குப் புறப்படுகிறவர்கள், பகலெல்லாம் சூடேறிய தார்ச்சாலை அப்போதும் அனல் கக்குவதைக் கவனிப்பதில்லை. நாம் செருப்பு அணிந்திருக்கிறோம். காற்று 25 டிகிரியே இருந்தாலும் நேர்வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டும். அப்படியானால் 45 டிகிரி வெயிலில் நாயின் பாதம் எப்படி வெந்துபோகும்! உங்கள் புறங்கையைச் சாலையின்மேல் வைத்து, நிதானமாக ஏழு வரை எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயாலும் முடியாது. மாலையில் கழிவுக்காக மாத்திரம் மண்ணும் புல்லும் உள்ள இடத்திற்குப் பத்து நிமிடம் அழைத்துச் சென்றால் போதும். ஒருநாள் நடக்காததால் எந்த நாயும் சாவதில்லை.

இந்தப் புறங்கைச் சோதனையை எஜமானியம்மாவுக்கும் ஒருமுறை செய்து காட்டலாம். "மேடம், சடக் பஹுத் கரம் ஹை, சுபஹ் பாஞ்ச் பஜே லே ஜாவூங்கி" என்று தாழ்மையாய்ச் சொன்னால் கேட்கிறவர்களே அதிகம். கேளாதவர்களுக்கு, கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கும்படி சொல்லுங்கள். வேலைக்காரி சொன்னால் ஏற்காததை மருத்துவர் சொன்னால் ஏற்பார்கள். உலக வழக்கம் அப்படி.

வாய்ப்பூட்டு போடச் சொல்லும் குடியிருப்புகளும் உண்டு. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கோடையில் வேண்டவே வேண்டாம். நாவை வெளியே நீட்ட முடியாத நாய் குளிர வழியில்லாத நாய். கூடை வடிவிலுள்ளதில் வாயைத் திறந்து இரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். கழுத்தை நெரிக்கும் சங்கிலிக்குப் பதிலாக மார்போடு மாட்டும் பட்டை நல்லது. நான்கைந்து நாய்களைச் சேர்த்து நடத்தும் தம்பிமார்கள் அவற்றில் மிகவும் பலவீனமான நாயின் வேகத்திற்கே மற்றவற்றையும் நடத்த வேண்டும்.

வீட்டிற்குள்ளே

மேற்குப் பார்த்த பால்கனியிலும் மொட்டைமாடியிலும் நாயைக் கட்டிப்போடுவது கொடுமை. காலையில் நிழலாயிருந்த இடம் மதியத்தில் நெருப்பாகும். கட்டப்பட்ட நாய் இடம் மாறிக்கொள்ள இயலாது. ஞாயிற்றுக்கிழமை இதில் விசேஷ கவனம் தேவை. காலை எட்டு மணிக்கு ஆராதனைக்குப் புறப்பட்டு, ஜெபம் முடிந்து, மெட்ரோ ஏறி வீடு வந்துசேர மதியம் இரண்டாகிவிடுகிறது. அதற்குள் மின்சாரம் நின்றால் பூட்டிய ஒற்றை அறை என்னவாகும்? ஆகவே கூலரை மாத்திரம் நம்பாமல், தரைத்தளத்து உள்ளறையில், வெறுந்தரையில் படுக்கும்படி விட்டு, காற்றோட்டத்திற்கு வழிசெய்து, கவிழாத இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வையுங்கள். அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

பத்து கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்குமேல் தண்ணீர் வேண்டும். கோடையில் இன்னும் அதிகம். உப்பும் வெங்காயமும் சேராத தயிர்ச்சோறு ஆகாதென்பதில்லை. திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு நஞ்சு. ரோமத்தை முற்றிலும் மழித்துவிட்டால் குளிரும் என்று எண்ணுகிறார்கள். இரட்டை ரோமமுள்ள இனங்களில் அது வெயிலைத் தடுக்கும் போர்வையுமாகும். சிக்கெடுத்து வாரிவிடுவதே போதுமானது. உண்ணியையும் தினந்தோறும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

மயங்கி விழுந்தால்

உமிழ்நீர் கட்டியாய் வடிதல், ஈறும் நாவும் இரத்தச் சிவப்பாதல், தள்ளாடுதல், வாந்தி, இரத்தங்கலந்த பேதி, வலிப்பு, மயக்கம் இவை வெப்பத்தாக்கத்தின் அடையாளங்கள். இங்கே அநேகர் செய்வது, உடனே ஆட்டோவைக் கூப்பிட்டு மருத்துவமனைக்கு விரைவது. டில்லி நெரிசலில் நாற்பது நிமிடம் கழியும். நாய் உள்ளே வெந்துகொண்டேயிருக்கும். முதலில் குளிரச் செய்யுங்கள், பிறகு கொண்டுசெல்லுங்கள். இங்கிலாந்தில்கூட ஐந்தில் ஒரு நாய்க்குத்தான் புறப்படுமுன் இந்த முதலுதவி கிடைத்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு சொல்லுகிறது.

நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டேயிருந்து, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். திடகாத்திரமான இளம் நாயானால், தலையை உயர்த்திப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் இறக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: ஜூன் மதியத்தில் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெந்நீர்தான் வரும். அதனால் முந்தின இரவே இரண்டு வாளி பிடித்து உள்ளறையில் வைப்பது நல்ல பழக்கம். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். நினைவற்ற நாயின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. நமக்கு வைத்திருக்கும் காய்ச்சல் மாத்திரைகள் இதற்கு உதவா. ஐபுப்ரோஃபென் போன்றவை நாய்க்கு விஷமுமாகும்.

மூச்சிரைப்பு சற்றுத் தணிந்ததும் ஜன்னல்களைத் திறந்தோ ஏ.சி. போட்டோ வாகனத்தில் கொண்டுசெல்லுங்கள். டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தின் கீழுள்ள ஃப்ரெண்டிகோஸ், ராஜா கார்டனிலுள்ள சஞ்சய் காந்தி விலங்குகள் பராமரிப்பு மையம் ஆகியவை டில்லியில் பலரும் அறிந்தவை. மும்பையில் பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் மருத்துவமனை பழமையானது. உங்களுக்கு அருகிலிருக்கும் மருத்துவரின் எண்ணை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

நாய் எழுந்து வாலாட்டிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கலாகாது. சிறுநீரகமும் கல்லீரலும் பட்ட சேதம் ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படும். சிறுநீர் குறைகிறதா, நிறம் கறுக்கிறதா, தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருங்கள். மருத்துவர் சொல்லும்வரை நடை கிடையாது. அதற்குப் பிறகும் அந்தக் கோடை முடியும்மட்டும் விடியற்காலைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.